பன்னிரண்டு அவுன்ஸ்

சின்னத் துப்பாக்கியில் எது நல்லது என்று எங்கள் ஊரில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேராக என்னிடம்தான் வருவார்கள். வராவிட்டால் நானே தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். வெர்லின் ப்ரூயிட் என்றால் ஓக்லஹோமாவின் இந்த மூலையில் தெரியாதவர் கிடையாது. பதினாறு வருடங்களாக, மாதம் ஒரு நாள், தேவாலயத்துப் பின்கூடத்தில் வகுப்பு எடுக்கிறேன். சட்டைக்குள் துப்பாக்கியை எப்படி மறைத்து வைப்பது, எப்போது வெளியே எடுக்கவே கூடாது, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எங்கே பூட்டுவது, எல்லாம் நான் சொல்லித் தந்ததுதான். அதனால் இந்தச் சம்பவத்தில் வேறு யார் மேலும் பழி போட எனக்கு வழியில்லை. போட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை.

சனிக்கிழமை காலையில் நாங்கள் மூன்று பேர் கூடுவது வழக்கம். இடம் நொரீனின் சாப்பாட்டுக் கடை. கடைக்காரி நொரீன், நான், டப் ஸ்டோவல். டப் எண்ணெய்க் கிணறுகளில் முப்பது வருடம் மாரடித்துவிட்டு ஓய்வு பெற்றவன். மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியையும் அதன் மேல் ஊற்றும் வெள்ளைக் கிரேவியையும் தின்று முடித்ததும் கடைக்குப் பின்னால் நிற்கும் டப்பின் பிக்கப் வண்டிக்குப் போவோம். பின்பலகையைச் சாய்த்து, பழைய துவாலையை விரித்து, அவரவர் துப்பாக்கியைக் காலி செய்து வரிசையாக வைப்போம். பிறகு ஆரம்பிக்கும் சண்டை. கடைக்குள் துப்பாக்கியை எடுத்தால் நொரீன் கரண்டியால் அடிப்பாள். வெளியே வந்துவிட்டால் அவள் வாய்தான் பெரிய வாய்.

அன்றைக்குச் சண்டை சாப்பாட்டு மேஜையிலேயே தொடங்கிவிட்டது.

"அஞ்சு குண்டு போதும்யா," என்றான் டப். அவனுடையது குட்டையான இரும்பு ரிவால்வர். "அஞ்சுல முடியாததை ஆறாவது குண்டு வந்து கிழிக்கப் போகுதா? உருளை சுத்தும், வெடிக்கும். சிக்காது, திணறாது. கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள வெச்சே சுடலாம்."

"உன் துப்பாக்கி விசையை நீ இழுத்து முடிக்கறதுக்குள்ள திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துருவான்," என்றாள் நொரீன். "என்னோடது ஒன்பது மில்லி பிஸ்டல். தட்டையா இருக்கு, பத்து குண்டு பிடிக்குது. சட்டைக்கு மேல துருத்தவும் துருத்தாது."

நான் சும்மா இருப்பேனா? "அவ்வளவு சின்ன உடம்புல ஒன்பது மில்லியைத் திணிச்சா என்ன ஆகும்? ஒவ்வொரு குண்டுக்கும் உள்ளங்கையில பிரம்படி. அதனாலதானே நீ சுட்டுப் பழகவே போறதில்ல? கடைசியா எப்பப் போன? கிறிஸ்துமஸுக்கு முன்னாடியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் சிவக்காது?

போன மாதம் வரை நான் இடுப்பில் கட்டியிருந்தது முழு இரும்பில் செய்த நாற்பத்தைந்து காலிபர் துப்பாக்கி. இருபத்திரண்டு வருடம் அதைச் சுமந்தேன். சின்னத் துப்பாக்கி வைத்திருந்தவர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி கேலி செய்தேன். கடைசியில் இடுப்பு எலும்பு தேய்ந்துபோய், டாக்டர் திட்டி, மூன்று வாரத்துக்கு முன்னால் இந்தக் குட்டி 'த்ரீ எய்ட்டி' பிஸ்டலை வாங்கினேன். வாங்கிய மறுநாளிலிருந்து பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேலி செய்ய ஆரம்பித்தேன். என் வாய் அப்படி.

"ஏழு குண்டு உள்ள இருக்கு. எல்லாம் சேர்த்து மொத்தமே பன்னிரண்டு அவுன்ஸ்," என்றேன்.

"அதுல அணில் வேணா சாகும்," என்றான் டப். "அதுவும் சிரிச்சுக்கிட்டே சாகும்."

"டேய், கையில இருக்கற சின்னது, வீட்டு அலமாரியில தூங்கற பெருசைவிட மேல். கனமா இருந்தா நாலு நாள் கட்டுவ, அஞ்சாவது நாள் கழட்டி வெச்சிருவ. இதைப் பாரு, காலையில கட்டினேன். இடுப்புல இருக்கா இல்லையான்னே தெரியல. வா, தராசுல போட்டுக் காட்டறேன்."

மூவரும் வெளியே வந்தோம். மார்ச் மாதம், இரவெல்லாம் மழை பெய்து தரை செஞ்சேறாகக் கிடந்தது. டப் தன் ரிவால்வரிலிருந்து ஐந்து குண்டையும் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு துவாலையில் வைத்தான். நொரீன் குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவி, குண்டறையைத் திறந்து, விரல் விட்டுப் பார்த்துவிட்டு வைத்தாள். மீன் நிறுக்கும் கொக்கித் தராசை டப் கையில் எடுத்துக்கொண்டான்.

"வாய்ச்சவடால்காரரே, உங்க முறை."

நான் சட்டையைத் தூக்கிவிட்டு இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனேன். உறை இருந்தது. உறைக்குள் ஒன்றும் இல்லை.

எங்கே வைத்தேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணமே கண்ணுக்குத் தெரிந்தது.

எட்டேகால் மணிக்கு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவனக் கடைக்குப் போனேன். கோழிக்கு இரண்டு மூட்டை வாங்கினேன். வயிறு சரியில்லாமல் அங்கேயே கழிப்பறைக்குப் போனேன். என் வகுப்பில் இதற்கென்றே கால் மணி நேரம் ஒதுக்குவேன். கழிப்பறையில் துப்பாக்கியைக் கழற்றி எங்கேயும் வைக்காதே, உறையோடு கால்சட்டைக்குள்ளேயே கணுக்காலருகில் கிடக்கட்டும் என்று படித்துப் படித்துச் சொல்லுவேன். அன்றைக்குத் தரையெல்லாம் சேறு. உட்காரும்போது புதுத் துப்பாக்கி உறையிலிருந்து நழுவிக் கையோடு வந்துவிட்டது. சேற்றில் புதுசை வைக்க மனசு வரவில்லை. பக்கத்துத் தடுப்பில் பேப்பர் சுருள் மாட்டும் தகர டப்பா இருந்தது. அதன் மேல் வைத்தேன். பழைய நாற்பத்தைந்தாக இருந்தால் பெல்ட்டை இறுக்கும்போதே இடுப்பு காலியாக இருப்பது உறைத்திருக்கும். இதில் ஒன்றும் உறைக்கவில்லை. எழுந்தேன், கை கழுவினேன், விசில் அடித்துக்கொண்டு போய்விட்டேன்.

"என்னய்யா, முகம் வெளுத்துப் போச்சு?" என்றாள் நொரீன்.

"வண்டியில வெச்சுட்டேன் போல. இரு, வரேன்."

பொய். அறுபத்தொரு வயசில், எச்சில் விழுங்கும் நேரத்துக்குள் வந்த பொய். வண்டியில் ஏறியதும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதே கால். ஒன்பது மணிக்குத் தீவனக் கடையில் கோழிக்குஞ்சு விற்பனை ஆரம்பம். வருடா வருடம் அந்த நாளில் ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் அங்கேதான் இருக்கும்.

ரயில் பாதைக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்து, தடுப்புக் கம்பம் இறங்கிவிட்டது. கோதுமை ஏற்றிய சரக்கு ரயில். அசைந்து அசைந்து வந்தது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை. ஸ்டீயரிங்கைக் குத்தினேன். வாய்விட்டுக் கத்தினேன். அந்தத் துப்பாக்கியில் சேஃப்டி பொத்தான் கிடையாது. ஒரு குண்டு குண்டறைக்குள் ஏறியே இருக்கிறது. விசையை இழுத்தால் வெடிக்கும், அவ்வளவுதான்.

போன் சட்டைப் பையில் இருந்தது. கடை நம்பரும் அதில் இருந்தது. "ட்ரீனா, ஆம்பளைங்க கழிப்பறையைப் பூட்டு, ஒருத்தரையும் விடாதே." இத்தனைதான் சொல்ல வேண்டும். பத்து விநாடி வேலை. ஆனால் கல்லாவில் நிற்கும் ட்ரீனா ஜனவரியில் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள். "கழிப்பறையில துப்பாக்கியை விட்டுட்டு வர்றவன் அதை வெச்சுக்கவே லாயக்கில்லாதவன்" என்று நான் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவள் முகத்தை நினைத்தேன். போனை இருக்கையில் கவிழ்த்து வைத்தேன். ரயில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரிந்த நிமிடங்கள் அவை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே குமட்டுகிறது.

தீவனக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நீளத் தொட்டிகளில் சிவப்பு விளக்குக்கு அடியில் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்த, அதைச் சுற்றிப் பிள்ளைகள் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். ட்ரீனா கையாட்டினாள். நான் பார்க்காதவன் மாதிரிப் பின்பக்கம் போனேன். ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பாதி ஓட்டமாகப் போனேன்.

கழிப்பறைக் கதவுக்கு வெளியே ஓர் இளம் பெண் கையில் அட்டைப் பெட்டியோடு நின்றிருந்தாள். பெட்டிக்குள் குஞ்சுகள்.

"சார், உள்ளே என் பையன் இருக்கான். ஆறு வயசு. தனியாத்தான் போவேன்னு ஒரே அடம். போய் ரொம்ப நேரமாச்சு. கூப்பிட்டா பதிலே இல்ல. கொஞ்சம் பாக்கறீங்களா?"

என் நரைத்த மீசையைப் பார்த்துக் கேட்டிருப்பாள். "பாக்கறேம்மா," என்றேன். அவளிடமும் நான் சொல்லவில்லை.

உள்ளே இரண்டு அறைகள். முதலாவது திறந்து கிடந்தது. நான் இருந்த கடைசி அறை சாத்தியிருந்தது. கதவுக்கு அடியில் தரைக்கு எட்டாமல் இரண்டு குட்டிப் பச்சை ரப்பர் பூட்ஸ் தொங்கின.

"தம்பி," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "தம்பி!"

"ஆள் இருக்கு."

"தெரியும்பா. உங்கம்மா கேக்கச் சொன்னாங்க. நல்லாத்தானே இருக்க?"

அவன் மெதுவாக, "சார், இங்க ஒரு துப்பாக்கி இருக்கு," என்றான்.

"அதைத் தொட்டியா?"

"இல்ல."

"கை ரெண்டும் எங்க இருக்கு?"

"காதுல. வெடிச்சா சத்தம் பெருசா வரும்ல? அதான். பாதி மூடியிருக்கேன், நீங்க பேசறது கேக்குது."

எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருக்கிறானோ பாவம். "நீ கெட்டிக்காரன். அப்படியே மெதுவா இறங்கி, தாழ்ப்பாளைத் திறந்துட்டு வெளிய வந்துரு."

"முடியாது சார். அதைத் தாண்டித்தான் கதவுக்குப் போகணும். அந்த டப்பா வேற ஆடுது. நான் அசைஞ்சா அதுவும் அசையுது. இப்பவே ஓரத்துக்கு வந்துருச்சு."

"ஓட்டை எந்தப் பக்கம் பாக்குது? குண்டு வர்ற ஓட்டை?"

"என்னைப் பாக்குது."

கீழே விழுந்தால் இந்த வகைத் துப்பாக்கி வெடிக்காது. எனக்கு அது தெரியும். என் பயம் வேறு. விழுகிற துப்பாக்கியைப் பார்த்தால் எவனுக்கும் கை தானாக நீளும். எட்டிப் பிடிக்கும்போது விரல் போய் விசையில் மாட்டும். பெரியவர்களே அப்படித்தான் தங்களைத் தாங்களே சுட்டுக்கொள்கிறார்கள். அதையும் வகுப்பில் சொல்லுவேன்.

"தம்பி, இதை நல்லாக் கேட்டுக்க. அது விழுந்தா விழட்டும். பிடிக்காத. எது விழுந்தாலும் கை காதை விட்டு வரக் கூடாது. சரியா?"

"சரி சார்."

பக்கத்து அறைக்குள் போய்ச் சேற்றில் மல்லாந்து படுத்தேன். தேய்ந்த இடுப்பு சுரீரென்றது. தடுப்புக்கும் தரைக்கும் நடுவே இருந்த சந்தில் வலது கையை நுழைத்து, தோள் முட்டும்வரை உள்ளே தள்ளி, தடுப்பின் அந்தப் பக்கமாக மேலே தடவிக்கொண்டே போனேன். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை பூட்ஸ் மட்டும்தான். விரலில் தகரம் தட்டுப்பட்டது. டப்பா ஆடியது.

"சார், சார், ஆட்டாதீங்க!"

"ஆட்டல, ஆட்டல. நீ எனக்குக் கண்ணு. என் கை எங்க இருக்கு?"

"டப்பாவுக்குக் கீழ. இன்னும் மேல வாங்க. மேல. இப்ப சுவர்ப் பக்கம் கொஞ்சம்... அந்தப் பக்கம் இல்ல சார், சுவர்ப் பக்கம்! ஆங். அதோ, உங்க விரலுக்குப் பக்கத்துலதான்."

"சரிடா கண்ணு. என் விரல்கிட்ட இருக்கறது ஓட்டையா, பிடியா?"

"ஓட்டை."

நல்லது. குழாயைத்தான் பிடிக்க வேண்டும். விசைக்குப் பக்கத்தில்கூட என் விரல் போகக் கூடாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் குழாயைக் கவ்வினேன். டப்பா மறுபடி ஆடியது. துப்பாக்கி சரிந்தது. பையன் வீலென்று கத்தினான். நான் அப்படியே இறுகப் பற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். விட்டிருந்தால் அவன் மடியில் விழுந்திருக்கும். அங்குலம் அங்குலமாகக் கையைக் கீழே இறக்கி, சந்து வழியாக என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மேகசினை உருவினேன். குண்டறையிலிருந்த குண்டைத் தட்டி எடுத்துப் பாக்கெட்டில் போட்டேன். துப்பாக்கியை இடுப்பு உறைக்குள் சொருகினேன். அப்புறம்தான் மூச்சு விட்டேன். அழுதேனா என்று கேட்டால் ஆமாம், அழுதேன்.

"எடுத்துட்டீங்களா சார்? கையை எடுக்கலாமா?"

"எடுத்துக்கோப்பா."

கால்சட்டையை ஏற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. மணல் நிறத் தலைமுடியும், காதோரம் அழுத்திச் சிவந்த தடமுமாக வெளியே வந்து என்னை அண்ணாந்து பார்த்தான்.

"அது உங்களோடதா சார்?"

"இல்ல," என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

வெளியே வந்ததும் அவன் தாயிடம் கொட்டிவிட்டான். "அம்மா, உள்ள நிஜத் துப்பாக்கி இருந்துச்சும்மா! என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு! இந்த சார் சேத்துல படுத்து எடுத்தாரு!"

அவள் குஞ்சுப் பெட்டியைத் தரையில் வைத்தாளா போட்டாளா தெரியவில்லை. முழங்காலில் விழுந்து பையனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். கட்டிக்கொண்டாள். எழுந்து வந்து, சேறு படிந்த என் இரண்டு கையையும் தன் இரண்டு கைக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"சார், உங்களைக் கடவுள்தான் அனுப்பினாரு. நீங்க மட்டும் வரலைன்னா..." பிறகு கோபம் வந்தது. "எந்தப் பாவி சார் இப்படி வெச்சுட்டுப் போவான்? அவனெல்லாம் மனுசனா?"

கூட்டம் கூடிவிட்டது. ட்ரீனா கல்லாவை விட்டு ஓடி வந்தாள். "இவர்தான் ப்ரூயிட் சார்! எனக்கு வகுப்பு எடுத்தவர்!" என்று எல்லோருக்கும் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. யாரோ ஒருவர் தொப்பியைக் கழற்றி என் தோளைத் தட்டினார். "நம்ம ஊர்க்காரன் எவனும் இருக்க மாட்டான். ஹைவேல போற எவனோ வந்து வெச்சுட்டுப் போயிருக்கான்," என்றார் அவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள். என் தலையும் ஆடியது. வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தால் போதும்.

பையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"நான் தொடல. காதைத்தான் மூடினேன். சரியாத்தானே சார் செஞ்சேன்?"

"ரொம்பச் சரி தம்பி. பெரியவங்ககூட அப்படிச் செய்ய மாட்டாங்க."

"நீங்களும் சரியாத்தான் சார் செஞ்சீங்க," என்றான், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

ரயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஆறு நிமிடமும் நெஞ்சுக்குள் வந்து நின்றது. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை என்னால் முடியவில்லை.

"இல்ல தம்பி. நான் சரியாச் செய்யல. உங்கிட்ட பொய் சொன்னேன். அது என்னோடது." தலையை நிமிர்த்தி அவன் தாயிடம் சொன்னேன். "என்னோடதுதாம்மா. காலையில நான்தான் அங்க வெச்சேன். மறந்துட்டுப் போயிட்டேன். வர்ற வழியில போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், அவமானமா இருக்கும்னு சொல்லல. உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்டயும் சொல்லல."

ட்ரீனா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். என் தோளைத் தட்டியவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நகர்ந்தார்.

அந்தப் பெண் கத்துவாள், அறைவாள் என்று காத்திருந்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளோ என் கையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். குஞ்சுத் தொட்டியருகே, குஞ்சைத் தொட்டவர்கள் கை துடைத்துக்கொள்வதற்காக ஒரு கிருமிநாசினி பாட்டில் வைத்திருந்தார்கள். பையனை அங்கே அழைத்துப்போய், அவன் உள்ளங்கையில் அழுத்தி ஊற்றி, விரலிடுக்கெல்லாம் தேய்த்துவிட்டாள்.

"நான் தொடவே இல்லம்மா," என்றான் அவன்.

"தெரியும்டா," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றித் தன் கைகளைத் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.